தலைகீழ் உருண்டையை நூற்று இருபத்தெட்டுச் சுற்று

1

என் மகள் மதி படிக்கும் பள்ளிக்கு ஒரு விண்வெளி வீரரின் பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து முதன்முதலாக மேலே போன ஒருசிலரில் ஒருவர். வயதாகிவிட்டாலும் நல்ல திடமாக இருக்கிறார். சங்கரன்கோவிலில் நான் படித்த இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்குச் சாமி பெயர். இன்னொன்றுக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டுக் காலமானவரின் பெயர். உயிரோடு இருப்பவர் பெயரில் பள்ளி என்பது மெல்பர்ன் வந்த புதிதில் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"அவரு அந்தப் பக்கமா வந்தா என்னட்டி செய்வாரு? போர்டுல தன் பேரத் தானே வாசிச்சிட்டுப் போவாரா?" என்று கேட்டாள் என் அக்கா செண்பகம். அக்காவுக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி உண்டு. அவள் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசிப்பேன்.

பள்ளி வாசலில் ஒரு பெரிய சிமெண்ட் பூமி உருண்டை இருக்கிறது. என்னைவிட உயரம். அதைத் தலைகீழாக நட்டுவைத்திருக்கிறார்கள். தென்துருவம் உச்சியில், ஆஸ்திரேலியா நெற்றிப் பொட்டு மாதிரி மேலே, கன்னியாகுமரி வானத்தைப் பார்த்து நிற்கிறது. சங்கரன்கோவில் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் நன்றாகக் குனிய வேண்டும். ஏதோ கான்ட்ராக்டர் அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், கேட்டால் சங்கடப்படுவார்கள் என்று ஆறு வருடமாக வாயைத் திறக்காமல் இருந்தேன்.

இந்த ஜூலையில் பள்ளிக்கு அந்தப் பெயர் வைத்து இருபத்தைந்தாவது ஆண்டு. வீட்டுக்குக் கடிதம் வந்தது. விண்வெளி வீரர் பூமியை நூற்று இருபத்தெட்டு முறை சுற்றினாராம். அதைக் கொண்டாடும் விதமாக ஒவ்வொரு பிள்ளையும் திங்கள் முதல் வெள்ளிக்குள் அந்த உருண்டையை நூற்று இருபத்தெட்டுச் சுற்று நடக்க வேண்டும். கூடவே ஒரு அட்டை. அட்டையில் நூற்று இருபத்தெட்டுக் கட்டங்கள், சுற்றுக்கு ஒரு டிக்.

அட்டையைப் பார்த்துவிட்டு நான் சமையலறையில் நின்று சிரித்த சிரிப்பில் மதி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். எப்படிச் சொல்லி விளங்கவைப்பது? அதே வாரம், அதேபோலக் கட்டம் போட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான பேர் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

2

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி மாதம் எங்கள் ஊரில் கோமதியம்மனுக்குத் தபசுத் திருவிழா. கொடியேறியதும் சனங்கள் ஆடிச்சுற்று சுற்றத் தொடங்குவார்கள். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று, ஆயிரத்தியொன்று என்று அவரவர் வேண்டிக்கொண்ட நேர்ச்சைக்குத் தக்கபடி. அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள், சுற்றுகிறவர்களின் கால்வலியை அவளே வாங்கிக்கொள்கிறாள் என்பார்கள். தபசு அன்று சுற்றுவட்டாரத்து விவசாயிகள், சம்சாரிகள் என்போம், தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல் என்று எது இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து சாமிக்கு வீசுவார்கள்.

அக்கா ரத வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஆடி வந்தால் நூற்றியொரு கட்டம் போட்ட தாளை அடித்து, கேட்கிற பெண்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பாள். மற்ற மாதங்களில் பாஸ்போர்ட், விசா என்று ஆன்லைனில் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது அவள் தொழில். கடையநல்லூரிலிருந்தெல்லாம் ஆள் வரும். வளைகுடாவுக்குப் போன எத்தனையோ பேரின் முதல் ஃபாரம் அக்கா நிரப்பியது. ஒரு எழுத்து பிசகாது. கையெழுத்து கோட்டைத் தாண்டினால்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

ஊருக்கே விசா ஃபாரம் நிரப்பியவளுக்கு, இங்கே வர இரண்டு தடவை விசா மறுத்துவிட்டார்கள். மதி ஏழு வாரம் முன்னாலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்த சமயம் அது. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, கப்பலேற்றியது அவள்தான். எனக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, குடும்பம் இல்லாதவர், வந்தால் திரும்பிப் போவார் என்று நம்ப இயலவில்லை என்று பதில் வந்தது.

அன்றைக்கு அக்கா ஒரு நேர்ச்சை போட்டாள். "பிள்ள பொழச்சு வந்து, அவளே தன் காலால நூத்தியொண்ணு சுத்துற வரைக்கும், அவளுக்காக வருசா வருசம் நான் சுத்துதேன்." பத்து ஆடி சுற்றிவிட்டாள். மதியை இரண்டு முறை ஊருக்குக் கூட்டிப்போயும் ஒருமுறைகூட ஆடியில் அமையவில்லை.

இந்த வருடம் எப்படியும் போய்விடுவது என்றிருந்தோம். அப்போதுதான் தெரிந்தது. இங்கே நிரந்தரமாக இருக்க எங்களுக்கு அனுமதி உண்டு. ஊருக்குப் போகவும் யாரும் தடுக்கப் போவதில்லை. போனால் திரும்பி உள்ளே வருவதற்கான அனுமதி மட்டும் தனி. அது காலாவதியாகிக் கிடந்தது. புதிதாகக் கேட்டால், இன்னும் ஒரு ஆவணம், இன்னும் ஒரு ஆவணம் என்று கேட்டுக்கொண்டே நின்றுவிட்டது. அக்கா திரும்பிப் போகமாட்டாள் என்று அவளை விடவில்லை. நான் திரும்பி வர முடியாது என்று நான் போகவில்லை. விண்வெளிக்குப் போனவரிடம்கூட இத்தனை தாள் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் காலாவதி தேதி பாத்துக் குடுக்கேன். கூடப்பொறந்தவ தேதியப் பாக்காம இருந்திருக்கேனே" என்று அக்கா என்னைத் திட்டாமல் தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கு நாலு வசவு வாங்கியிருக்கலாம்.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அழைத்தபோது நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முட்டி பொங்கல் பானை மாதிரி வீங்கியிருந்தது.

"எம்பத்திமூணுல நின்னுபோச்சுட்டி. நேத்து திருநெவேலி டாக்டருகிட்ட காட்டினேன். இனி ஒரு சுத்துகூடக் கூடாதுங்காரு. ஜவ்வு கிழிஞ்சிருக்காம்."

"பரவால்லக்கா. அம்மனுக்குத் தெரியாதா?"

"அவளுக்குத் தெரியும். எனக்குல்லா மனசு கேக்க மாட்டேங்கு. பதினெட்டு நிக்கி. வெள்ளிக்கெழம தபசு. ஒரு வருசம்கூடத் தவறினதில்ல." சட்டென்று பேச்சை மாற்றினாள். "எங்க அவ?"

மதி தூரத்திலிருந்தே கையை ஆட்டி "ஹாய் பெரியம்மா, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் பேசுவது இந்த ஒரு வரிதான். அக்கா கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்து இருந்து, இருவரும் நேராகப் பேசிக்கொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேனோ என்று சில சமயம் தோன்றும். நேர்ச்சையைப் பற்றியும் மதியிடம் நான் சொன்னதில்லை. அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களைப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

4

சுற்று நடப்பதற்கு உதவ பெற்றோர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த விஷயத்தில் இந்தப் பள்ளியில் என்னைவிட அனுபவசாலி யார் இருக்க முடியும்? திங்கள் காலை கடுங்குளிரில் போய், தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, எந்தத் திசையில் நடப்பது என்று அம்புக்குறியும் வரைந்தேன். திசை எது என்று கடிதத்தில் இல்லை. நானும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் திங்கள் இருபத்தாறு, செவ்வாய் இருபத்தாறு என்று கலகலவென்று நடந்தார்கள்.

புதன்கிழமை விளையாட்டு ஆசிரியர் டேமியன் வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிள்ளைகளை நிறுத்தினார்.

"இதை யார் வரைந்தது? ஓட்டப் பாதை எல்லாம் இடப்பக்கமாகத்தானே சுற்றும்? எதிர்த்திசையில் போகிறார்களே."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் வலம் வரைந்திருக்கிறேன். கோயிலைச் சுற்றுகிற மாதிரி.

"ஒரு பொருளைச் சுற்றினால் அது நம் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும்" என்றேன்.

"ஏன்?"

"மரியாதை."

"யாருக்கு?"

என் ஆங்கிலம் அவசரத்துக்கு எப்போதும் காலை வாரிவிடும். "பூமிக்கு" என்றேன். அவர் என்னையும் உருண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. விண்வெளி வீரர் கிழக்கு நோக்கித்தான் பறந்திருப்பார், வடக்கே மேலிருந்து பார்த்தால் அது இடச்சுற்று, ஆகவே இரண்டு நாள் நடந்தது கணக்கில் சேருமா என்று தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும் என்றார். ஐந்நூறு பிள்ளைகளின் ஐம்பத்திரண்டு சுற்று என் ஒரு சாக்பீஸில் தொங்கிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர், நாளைக்கு விண்வெளி வீரரே வீடியோவில் பேசப் போகிறார், அவரிடமே கேட்டுவிடலாம், அதுவரை நிறுத்திவையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மாலையில் மதி காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். "எல்லாரும் என்னையே பாக்கறாங்க. உங்க அம்மாதான் தப்பாப் போட்டாங்கன்னு. ஏன்மா அப்படி வரைஞ்ச? ஏன் எப்பவும் நீ மட்டும் வேற மாதிரி செய்யற?"

எனக்கும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. காரை ஓரமாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வாரம், கண்ணாடிப் பெட்டி, விசா, நேர்ச்சை, எண்பத்துமூன்று, முட்டி. சொல்லும் வரிசைகூட ஒழுங்காக வரவில்லை.

மதி சீட்டில் என் பக்கம் திரும்பினாள். பிறகு விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "பத்து வருஷம் நூற்றியொண்ணு. பிளஸ் எண்பத்திமூணு. ஆயிரத்துத் தொண்ணூத்திமூணு. அம்மா, பெரியம்மா எனக்காக ஆயிரத்துத் தொண்ணூத்திமூணு தடவ சுத்தியிருக்காங்களா? அஸ்ட்ரோனாட்டே நூத்தி இருபத்தெட்டுதான்."

"ஆமா."

"ஒரு சுத்து எவ்வளவு தூரம்?"

"எனக்குத் தெரியாது."

அவளே என் போனை எடுத்து அழைத்தாள். பதினொரு வருடத்தில் பெரியம்மாவை அவளாக அழைத்தது அதுதான் முதல் தடவை. அக்கா பதறிப்போய், "என்ன மக்கா, அம்மைக்கு என்ன?" என்றாள்.

"அம்மா ஓகே. பெரியம்மா, கோயில் ஒரு சுத்து எத்தன மீட்டர்?"

"அளந்து பாக்கலியேட்டி. அளக்கவா சுத்துதேன்?" என்றாள் அக்கா. விஷயத்தைக் கேட்டதும் அவள் குரலே மாறிவிட்டது. சாக்பீஸ் வட்டம், டேமியன், தலைகீழ் உருண்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாக மதியே சொன்னாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயம்.

"நாளைக்கு அவருகிட்ட ஒண்ணு கேளு மக்கா" என்றாள் அக்கா. "மேல சுத்துறப்ப பூமி அவருக்கு எந்தக் கைப்பக்கம் இருந்துச்சு? வலதா, இடதா?"

5

கேள்விப் பெட்டியில் பிள்ளைகள் போட்டதில் பாதி கழிப்பறையைப் பற்றி. மதியின் கேள்வியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை மண்டபத்தில் உதவிக்கு நின்ற பெற்றோரையும் உட்காரவைத்தார்கள். திரையில் நரைத்த தலையோடு அவர் வந்தார். மதி எழுந்து கேட்டாள்.

"இதுவரை இதை என்னிடம் யாரும் கேட்டதில்லையே" என்றார் அவர். கண்ணை மூடி யோசித்தார். "வலது இல்லை, இடதும் இல்லை. பெரும்பாலும் பூமி என் தலைக்கு மேலே இருந்தது. எங்கள் கலம் கவிழ்ந்த நிலையில் பறந்தது. அண்ணாந்து பார்த்தால் கடலும் மேகமும் மேலே போய்க்கொண்டிருக்கும். ஏன் கேட்கிறாய்?"

"எங்க பெரியம்மா கேக்கச் சொன்னாங்க. அவங்களும் சுத்துவாங்க. கோயில. சுத்துனா அது வலது பக்கம் இருக்கணும். எங்க அம்மா ஸ்கூல்லயும் அப்படித்தான் அம்பு வரைஞ்சாங்க. இப்ப அது தப்புன்னு நிறுத்தி வச்சிருக்காங்க." மதி இதை ஆங்கிலத்தில் சொன்னாள். என்னைக் கைகாட்டியும்விட்டாள். எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

அவர் கேட்டார்: "வாசலில் அந்த உருண்டை இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறதா?"

"ஆமாம்" என்று ஐந்நூறு குரல்.

"நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். மேலே போனால் மேல், கீழ் எதுவும் இல்லை; அது பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று." மேசையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து, பேனாவால் ஒரு அம்பு வரைந்தார். "நான் போனது கிழக்கே. வடக்கு மேலே இருந்தால் இது இடச்சுற்று." பழத்தைக் கவிழ்த்தார். "தெற்கு மேலே இருந்தால் வலச்சுற்று. உங்கள் உருண்டையில் தெற்கு மேலே. நான் போன வழியில்தான் அந்த அம்மா வரைந்திருக்கிறார்."

டேமியன் பின்வரிசையிலிருந்து எனக்கு ஒரு சலாம் வைத்தார். ஆறு வருடமாக நான் மனசுக்குள் திட்டிய அந்தக் கான்ட்ராக்டரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு முப்பத்தெட்டு, வெள்ளியன்று முப்பத்தெட்டு. நூற்று இருபத்தெட்டும் வலமாகவே முடிந்தது.

6

வெள்ளி சாயங்காலம் பள்ளி விட்டதும் மதி அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். அப்போது ஊரில் இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை. முதல் நூற்றியொரு டிக்கையும் நீல வட்டத்துக்குள் அடைத்திருந்தாள். அடுத்த பதினெட்டு சிவப்பு. மிச்சம் ஒன்பது பச்சை.

"நீலம் என்னோடது. சிவப்பு பெரியம்மாவோட மிச்சம்."

"பச்சை?"

"அது அஸ்ட்ரோனாட்டுக்கு. அவர் திரும்பி வரணும்னு அப்ப யாரும் சுத்தியிருக்க மாட்டாங்கல்ல."

அட்டையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினோம். கூடவே இன்னொரு படம்: உருண்டைக்கு அடியில் முழங்காலிட்டு, சங்கரன்கோவில் இருக்கும் இடத்தில் மதி விரலை வைத்திருக்கிறாள். கோட்டைத் தாண்டிய கையெழுத்தைத் திருப்பிக் கொடுக்கிறவள் அக்கா. கோயிலைச் சுற்ற வேண்டிய நேர்ச்சையைப் பள்ளிக்கூட வாசலில் சுற்றியதை ஏற்றுக்கொள்வாளா? செல்லாது என்று சொல்லிவிட்டால் மதியின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

அக்கா வீடியோவில் வந்தாள். கையில் ஒரு எலுமிச்சம்பழம். மதி முந்தின நாளே சொல்லியிருந்த ஆரஞ்சுப் பழக் கதைப்படி அதில் பேனாவால் அம்பு. நாங்கள் பார்க்கும்போதே அதை நிமிர்த்தி ஒரு தடவை, கவிழ்த்து ஒரு தடவை பார்த்தாள்.

"தெச சரியாத்தான் இருக்கு" என்றாள். "அந்த உருண்டையில நம்ம கோயிலும் இருக்குல்லா? விரல் வச்சிருக்காளே. அப்ப கோயிலையும் சேத்துத்தான் சுத்தியிருக்கா."

"அப்ப ஓகேவா பெரியம்மா?"

"பொறு. அட்டையில கையெழுத்து எங்க? கையெழுத்து இல்லாத ஃபாரத்த நான் வாங்க மாட்டேன்."

மதி பேனாவை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு, நான் சொல்லிக்கொடுக்காமலே, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் தமிழில் எழுதினாள்: கோமதி. 'தி' கோட்டைத் தாண்டி அட்டையின் ஓரத்துக்கே போய்விட்டது. அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு இருவரும் காத்திருந்தோம். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டாள். மறுபடியும் கழற்றினாள்.

"சரி" என்றாள். அவ்வளவுதான். அழைப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலையில் அவள் குரல் பதிவு வந்து கிடந்தது. பின்னால் மேளச் சத்தம், சனக் கூட்டத்தின் இரைச்சல். அதற்கு மேல் கத்திப் பேசியிருந்தாள்.

"ஏட்டி சங்கரி, மதியக் கூப்பிட்டுக் கேக்கச் சொல்லு. மக்கா, ஓன் அட்டைய நம்ம கடையிலயே கலர்ல பிரிண்ட் எடுத்தேன். பக்கத்துக் கடைப் பயக்க என்னை நாக்காலியோட தூக்கியாந்து சாமி பாக்க விட்டானுவ. சம்சாரியெல்லாம் பருத்தியும் வத்தலும் வீசுதான். நான் அட்டையச் சுருட்டி வீசிட்டேன். ஒரு அம்மா, என்னக்கா, தாளப் போயி வீசுதியன்னு கேட்டா. அவுகவுகளுக்கு வெளஞ்சதத்தானம்மா வீசணும், எனக்கு வெளஞ்சது இதுன்னேன்."

மதி அதை மூன்று தடவை கேட்டாள். பிறகு, 'வெளஞ்சது' என்றால் என்ன என்று என்னிடம் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு, பெரியம்மாவிடமே கேட்க மாடிக்குப் போனாள்.